பெரியமேட்டில் போர்டு இல்லாத ஒரு ஷூ கடை

என் பாதத்தின் நீளம் 31.5 செ.மீ. இது எனக்குத் தெரியவே 23 வயசு ஆயிடுச்சு. அதுவரை எல்லாரும் சொன்னது "பெரிய கால்", அவ்வளவுதான். அளந்து சொன்னவர் சென்னை பெரியமேட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து ஷூ தைக்கும் பாய். அவரிடம் இருந்தது பள்ளிக்கூடப் பசங்க வைத்திருக்கும் 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல். தரையில் பழைய பேப்பரை விரித்து, என்னை வெறுங்காலோடு நிற்கவைத்து, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். ஸ்கேலை வைத்தார். ஸ்கேல் முடிந்துவிட்டது, கால் முடியவில்லை. மிச்சத்துக்குப் பென்சிலால் ஒரு புள்ளி குத்தி, ஸ்கேலை நகர்த்தி மறுபடி வைத்துவிட்டு, "உங்க வூட்ல இன்னாப்பா சோறு போடறாங்க?" என்றார்.

நான் எர்ணாவூர். உயரம் 6 அடி 7 அங்குலம். ஸ்கூலில் என் பேர் 'சிமினி'. எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்த பசங்களுக்கு வேறு பேர் தோணாது. ஷேர் ஆட்டோவில் தலையைச் சாய்த்தே உட்காருவேன். கும்மிடிப்பூண்டி லோக்கலில் நின்றால் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி நெற்றியில் இடிக்கும். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று ஷூ. வாலிபால் ஆடுகிறவனுக்கு 14ஆம் நம்பர் ஷூ இந்த ஊரில் கிடைக்காது. கடைக்குப் போய் "14 இருக்கா?" என்று கேட்டால், ஏதோ தவறான கேள்வி கேட்ட மாதிரி பார்ப்பார்கள். 11 வரைக்கும் அடுக்கி இருக்கும். 12 கேட்டால் மேலே பரணில் தேடுவார்கள். 14க்குச் சிரிப்புதான்.

ரொம்ப நாள் என் காலைக் காப்பாற்றியது ஒரே ஒரு ஜோடி. நண்பனின் அண்ணன் துபாயிலிருந்து லீவுக்கு வரும்போது வாங்கி வந்தது. நாலு வருஷம் ஓடியது. அது போன கதையைச் சொல்லாமல் இந்தக் கடைக்கு வரமுடியாது.

2023 டிசம்பர். பெங்களூரு கோரமங்கலா உள்விளையாட்டு அரங்கில் ஆண்கள் வாலிபால் கிளப் உலகச் சாம்பியன்ஷிப், 6 முதல் 10 வரை. இந்த மாதிரி போட்டி நம்ம பக்கம் நடப்பதே அபூர்வம். ஜப்பானிலிருந்து சன்டோரி சன்பேர்ட்ஸ் வருகிறது, அந்த அணியில் திமித்ரி முசெர்ஸ்கி வருகிறார். ரஷ்யாக்காரர், 218 செ.மீ., அதாவது 7 அடி 2 அங்குலம். ஆண்கள் நெட் உயரம் 2.43 மீட்டர். மனுஷன் சும்மா நின்றாலே அவர் தலைக்கும் நெட்டுக்கும் ஒரு சாண் சொச்சம்தான் இடைவெளி. என்னைவிட உயரமான ஆள் ஒருத்தரை நேரில் அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று ஒரு ஆசை. வாழ்க்கையில் நான் யாரையும் அண்ணாந்து பார்த்ததே இல்லை. ராத்திரி மெயிலில் போய், இரண்டு நாள் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

3ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. 4ஆம் தேதி எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மற்றவர்களுக்கு மார்பளவு, எனக்கு இடுப்பு. ரயில் இல்லை, கரண்ட் இல்லை. தண்ணீர் வடியும்போது அதன்மேல் கறுப்பாக எண்ணெய் மிதந்து வந்தது. கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம், காட்டுக்குப்பம் படகுகள் எல்லாம் அந்த எண்ணெயில் தோய்ந்து கிடந்ததை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த என் துபாய் ஷூவும் தோய்ந்தது. சோப்பு, மண்ணெண்ணெய், அம்மாவின் திட்டு எல்லாம் போட்டுக் கழுவியும் பிசுக்கு போகவில்லை. காய்ந்ததும் சோல் தனியாக, மேல்பாகம் தனியாகக் கழன்று வந்தது. பெங்களூரில் சன்பேர்ட்ஸ் மூன்றாவது இடம் பிடித்ததை, பக்கத்துத் தெரு மொட்டைமாடியில் சார்ஜ் போட்ட போனில் படித்தேன்.

அப்புறம் ஆன்லைனில் ஒரு ஜோடி. அளவுப் பட்டியலில் 14 என்றே இருந்தது. வந்த பெட்டியைத் திறந்தால் அது அமெரிக்க 14. நம் ஊரில் ஓடுவது இங்கிலாந்து நம்பர், அதன்படி அது 13. கட்டைவிரல் மடங்கி உள்ளே உட்கார்ந்தது. திருப்பி அனுப்பிப் பணம் வர மூன்று வாரம். எந்த சைட் என்று எழுதப்போவதில்லை. உங்களில் யாருக்காவது கால் பெரிசு என்றால், நம்பரைப் பார்க்காதீர்கள், சென்டிமீட்டரைப் பாருங்கள்.

எங்கள் மாஸ்டர்தான் பெரியமேடு போகச் சொன்னார். "ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போகாத, தோல்காரங்க இருக்கிற சந்துக்குப் போ" என்றார். விம்கோ நகரில் லோக்கல் ஏறி மூர் மார்க்கெட்டில் இறங்கி, ரிப்பன் கட்டடத்தைத் தாண்டி, நேரு ஸ்டேடியம் பக்கமாக நடந்தால் சிடன்ஹாம்ஸ் ரோடு. வரிசையாகக் கோப்பை, மெடல், கேரம் போர்டு, கிரிக்கெட் மட்டை. அதிலிருந்து ஒரு சந்து பிரிந்ததும் வாசனை மாறிவிடும்: தோல், சொல்யூஷன், பக்கத்து ஓட்டலில் தாளிக்கும் பிரியாணி. கடைக்குப் பேர் இல்லை. மாடிப்படிக்கு அடியில் எட்டடிக்கு ஆறடி இடம், ஒரு தையல் மெஷின், சுவர் முழுக்க ஆணியில் ஜோடி ஜோடியாகத் தொங்கும் மரக்கட்டைகள். ஷூ தைக்க உள்ளே வைக்கிற, பாதம் மாதிரி செதுக்கிய கட்டை. நான் குனிந்துதான் நுழைந்தேன், குனிந்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அளவு எடுத்து முடித்ததும் பாய் சுவரைப் பார்த்தார். இருப்பதிலேயே பெரிய கட்டை 12. "கட்டையையே வளக்கணும்" என்றார். எனக்குப் புரியவில்லை. 12ஆம் நம்பர் கட்டையின் மூக்கில் தோல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காய்ந்ததும் ராவி, பேப்பரில் இருந்த கோட்டோடு வைத்துப் பார்த்து, மறுபடி ஒட்டி, மறுபடி ராவினார். பக்கவாட்டில் சுண்டுவிரல் எலும்பு துருத்தும் இடத்தில் தனியாக ஒரு சின்னத் துண்டு. ஷூ தைப்பதற்கு முன்னால் கட்டைக்கே ஷூ தைக்கிற வேலை. அதற்கே ஒரு நாள் போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓடற ஷூவா, நடக்கற ஷூவா?" என்றார்.

"குதிக்கற ஷூ பாய். வாலிபால்."

"அத்த நான் பாத்ததில்லியேப்பா. காட்டு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இந்த விமர்சனமே எழுதுகிறேன். கிரிக்கெட் ஷூ தைத்திருக்கிறார், போலீஸ் பூட்ஸ் தைத்திருக்கிறார், வாலிபால் அவருக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஆக்கி ஒரு ஷூவைத் தலையில் கட்டியிருக்கலாம். காட்டு என்றார்.

போனில் லண்டன் ஒலிம்பிக் ஃபைனலைப் போட்டேன். 2012 ஆகஸ்ட் 12, ரஷ்யாவும் பிரேசிலும். இதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பிரேசில் முதல் இரண்டு செட்டையும் 25-19, 25-20 என்று தூக்கிவிட்டது. முசெர்ஸ்கி அப்போது சென்டர் பிளாக்கர். நெட் நடுவில் நின்று தடுப்பது, பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் குட்டையாகப் போடுவதைச் சட்டென்று அடிப்பது, பின்வரிசைக்குப் போனதும், அங்கே பந்தை எடுக்க மட்டுமே இருக்கும் லிபரோ உள்ளே வர, வெளியே உட்காருவது. உயரமாக இருக்கிற எவனையும் நிறுத்துகிற இடம் அது. என்னையும் எட்டாம் கிளாஸிலிருந்து அங்கேதான் நிறுத்தினார்கள். கேட்டால், "நீ நெட்டைடா, அங்க நில்லு."

மூன்றாவது செட்டில் ரஷ்யக் கோச் விளாதிமிர் அலெக்னோ அந்த ஆளை எடுத்து யுனிவர்சல் இடத்தில் போட்டார். செட்டருக்கு நேர் எதிர்ப்பக்கம், ஓடி வந்து அடிப்பதே முக்கிய வேலை, நம்ம இந்திய டீமில் ஜெரோம் வினித் ஆடின இடம். வழக்கமாக அங்கே ஆடும் மாக்சிம் மிகாய்லோவை நகர்த்தி, பந்தை வாங்கவும் அடிக்கவும் ஓரத்துக்கு அனுப்பினார். ஒலிம்பிக் ஃபைனல், இரண்டு செட் பின்னால், இன்னும் ஒரு செட் போனால் கதை முடிந்தது. அந்த நேரத்தில் இரண்டு முக்கியமான ஆட்களின் வேலையையே மாற்றுவது என்றால், கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு சமையல்காரரையும் பரிமாறுகிறவரையும் மாற்றுகிற மாதிரி. அந்த செட்டில் பிரேசிலுக்கு மேட்ச் பாயிண்டே வந்தது, ஒன்றல்ல, இரண்டு. போகவில்லை. 29-27 என்று ரஷ்யா எடுத்தது. அடுத்தது 25-22. கடைசி 15-9. முசெர்ஸ்கி மட்டும் 31 பாயிண்ட். வயசு 23. சோவியத் அணி 1980இல் மாஸ்கோவில் வாங்கியதற்கு அப்புறம், ரஷ்யா என்ற பேரில் ஆண்களுக்கு வந்த முதல் தங்கம் அது.

இதையெல்லாம் பாய்க்கு மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. பந்தையும் பார்க்கவில்லை, ஸ்கோரையும் பார்க்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்கிட்டே பிடித்து, அந்த ஆளின் காலை மட்டும் பார்த்தார். "நிறுத்து. பின்னால போ. மெதுவா ஓட்டு."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "மொதல்ல இவன் நண்டு மாதிரி பக்கவாட்டுல போறான். நின்ன எடத்துலருந்து எகிர்றான். பாதத்தோட முன்பக்கம்தான் வேல செய்யுது. அப்பாலிக்கா எடம் மாத்துனாங்கன்ற பாரு, அங்க ஓடி வரான். கடைசி ரெண்டு அடில குதிகால ஊனி பிரேக் அட்ச்சு, அந்த வேகத்தை மேல தூக்கறான். ரெண்டும் வேற வேற ஷூடா தம்பி."

பன்னிரண்டு வருஷமாக வாலிபால் ஆடுகிறேன். என் மாஸ்டர் வலது, இடது என்று கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்த அந்தக் கடைசி இரண்டு அடியை, வாலிபாலே தெரியாத ஒருவர் பத்து நிமிஷத்தில் பிரித்து வைத்துவிட்டார்.

"நீ நண்டா, ஓடி வர்றவனா?"

அதுதான் சிக்கல். நான் நண்டு. ஆனால் போன சீசனில் எங்கள் யுனிவர்சலுக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்ததிலிருந்து மாஸ்டர் என்னை அந்தப் பக்கம் போட்டு அடிக்கவிட ஆரம்பித்திருந்தார். ரெண்டும்தான் பாய் என்றேன். கொஞ்சம் யோசித்தார். அப்புறம் போனைக் காட்டி, "இந்தாளு கடைசில எதுவா ஆனான்?" என்றார்.

நல்ல கேள்வி. முசெர்ஸ்கி பிறந்தது 1988இல், இன்றைய உக்ரைனின் மாகியிவ்கா ஊரில். ஆடியது ரஷ்யாவுக்கு. கிளப் பெல்கோரத். லண்டனுக்கு அடுத்த வருஷம் கோபன்ஹேகனில் ஐரோப்பியச் சாம்பியன், போட்டியின் சிறந்த வீரரும் அவரே. 2014இல் பெல்கோரத் அணியோடு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக், அதே வருஷம் பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டேவில் உலக கிளப் பட்டம். இவ்வளவு காலமும் பெரும்பாலும் சென்டர்தான். லண்டனில் செய்தது ஒரு நாள் வித்தை மாதிரி இருந்தது. 2018இல் ஜப்பானுக்குப் போனார். சன்டோரி அவரை யுனிவர்சலாகவே வைத்துக்கொண்டது. 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து ஜப்பான் லீக் பட்டம், 2023இல் ஆசிய கிளப் பட்டம், அதனால்தான் பெங்களூர் வந்ததே. முப்பது வயசுக்கு மேல், 218 செ.மீ. உடம்பைத் தூக்கிக்கொண்டு, ஓடி வந்து குதிகால் ஊன்றி எகிறுகிற வேலை. ஒரு மேட்ச்சில் அவசரத்துக்கு மாட்டிய சட்டையையே மிச்ச வாழ்க்கைக்குப் போட்டுக்கொண்ட மாதிரி.

"அப்போ ஓடி வர்றவனுக்கே தெச்சுடறேன்" என்றார் பாய். "நண்டு அதுல போய்க்கும். ஓடி வர்றவன் நண்டு ஷூல போ முடியாது."

இனி ஷூ. மேல்பாகம் மெல்லிய கறுப்புத் தோல், விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வலைத்துணி. ரெடிமேடு வாலிபால் ஷூவில் முக்கால்வாசி வலைத்துணிதான் இருக்கும், அதனால் இது சூடு. மே மாசத்தில் இரண்டு செட் முடிந்தால் சாக்ஸைப் பிழியலாம். உள்ளே குதிகாலுக்கு அடியில் இரண்டு அடுக்கு மெத்தை, முன்பக்கம் ஒன்றுதான். குதிகாலைச் சுற்றிக் கெட்டியான தோல் அட்டை, முதல் வாரம் கணுக்காலுக்குக் கீழே தோலை உரித்துவிட்டது, தேங்காய் எண்ணெய் தடவித் தடவி இறங்கியது. சோல் பழுப்பு ரப்பர். ஃபாரின் ஷூவில் வரும் பிசின் மாதிரி ரப்பர் மரத்தரைக்கு அருமை, எங்கள் கிரவுண்டு பாதி மண், பாதி சிமெண்ட், ஆறு மாசத்தில் வழுக்கையாகிவிடும். இவர் கொஞ்சம் கடினமான ரப்பர் ஷீட்டை வெட்டி, பக்கவாட்டில் கால் இஞ்ச் மேலே ஏற்றி ஒட்டி, அதன்மேல் தையலும் போட்டிருக்கிறார். சைடில் ஊன்றும்போது சோல் பிளந்துகொள்ளாமல் இருக்க. இன்றுவரை பிளக்கவில்லை.

எடையைக் கறிக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் முறைத்தார், கழுவிக் கொடுத்தேன். ஒரு ஷூ 525 கிராம். துபாய் ஷூ 410 இருந்ததாக ஞாபகம். நூறு கிராம் என்பது கையில் ஒன்றுமில்லை, காலில் ஐந்தாவது செட்டில் தெரியும். நண்டு வேலை செய்யும்போது தெரிகிறது, ஓடி வந்து அடிக்கும்போது தெரியவில்லை. பாய் சொன்னது அப்படியே.

இனி புகார். பொங்கலுக்கு முன்னால் தருவதாகச் சொன்னார். மீஞ்சூர் பக்கம் பொங்கலுக்கு நடக்கும் மின்னொளிப் போட்டியில் எங்கள் டீமுக்குப் பேர் கொடுத்தாச்சு. 12ஆம் தேதி போனேன், மேல்பாகம் மட்டும் தொங்கியது. 14ஆம் தேதி போனேன், பூட்டு. யாரோ பள்ளிக்கூட ஆர்டர் நடுவில் வந்துவிட்டதாம். பொங்கல் மேட்ச்சை விரல் வெளியே தெரியும்படி முன்பக்கத்தை வெட்டிய கேன்வாஸ் ஷூவில் ஆடினேன். நெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவனே பாவப்பட்டான். ஷூ கையில் வந்தது பிப்ரவரி 3. முதல் ட்ரையலில் இடது குதிகால் தூக்கியது, அதை முகம் சுளிக்காமல் அங்கேயே பிரித்து, உள்ளே ஒரு துண்டு வைத்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தார், தனிக் காசு இல்லை. ஆனால் தேதி விஷயத்தில் அவரை நம்பாதீர்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பது இதனால்தான். போன் பண்ணினாலும் எடுக்கமாட்டார், நேரில்தான் போகவேண்டும்.

விலை 3,800 ரூபாய். ஆயிரம் அட்வான்ஸ், மிச்சம் கையில் வாங்கும்போது. ஜிபே இருக்கிறது, ஆனால் அவர் பையன் வந்தால்தான் ஸ்கேன் அட்டை வெளியே வரும். ரசீது கிடையாது.

மே மாசம் திருவொற்றியூரில் ஒரு போட்டியில் முழுசாக யுனிவர்சலாகவே ஆடினேன். மூன்று செட் மேட்ச், 2-1 என்று தோற்றோம். கடைசி செட்டில் இரண்டு பந்தை வெளியே அடித்தவன் நான்தான், அதற்கு ஷூ பொறுப்பில்லை. முட்டி வலிக்கவில்லை, அதைச் சொல்லவேண்டும். சென்டரில் ஆடி வந்த காலத்தில் மேட்ச் முடிந்த ராத்திரி மாடிப்படி இறங்கும்போது முட்டி ஒரு சத்தம் போடும். அது குதிகால் மெத்தையாலா, குதிக்கும் விதம் மாறியதாலா, டாக்டர் சொன்னால்தான் தெரியும்.

போன வாரம் லேஸ் மாற்றக் கடைக்குப் போனேன். என் கட்டை சுவரில் தனி ஆணியில் தொங்கியது. மூக்கில் ஒட்டிய தோல் அடுக்குகள் அப்படியே இருந்தன. பக்கவாட்டில் பென்சிலால் 'ரஷ்யா 14' என்று எழுதியிருந்தது. என் பேர் அவருக்கு இன்னும் தெரியாது போல. செங்குன்றத்திலிருந்து ஒரு காலேஜ் பையன் வந்தானாம், 6 அடி 5, கூடைப்பந்து ஆடுபவன். அவனுக்கு அதே கட்டையில் ஒரு அடுக்கு உரித்துவிட்டுத் தைக்கப்போகிறாராம்.

"உரிச்சா எனக்கு அடுத்த ஜோடிக்கு?" என்றேன்.

"திரும்ப ஒட்டிக்கலாம்ப்பா. அவனும் அந்த வீடியோவ காட்டுவானா?"

"அவன் வேற ஆட்டம் பாய்."

"அப்போ அவனையும் காட்டச் சொல்றேன்."

கடை காலை பத்தரைக்கு மேல் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் போகாதீர்கள், மூன்று மணிக்கு மேல் போங்கள். 12ஆம் நம்பர் வரை கட்டை இருப்பதால் சீக்கிரம் ஆகும், அதற்கு மேல் என்றால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே உட்காருவது நல்லது. உயரமானவர்கள் உள்ளே நுழையும்போது படியின் அடிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் கவனிக்கவும், இரண்டு தடவை இடித்திருக்கிறேன். அடுத்த ஜோடிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். தேதி கேட்கவில்லை.